அத்தியாயம் 6: நெத்திலிக் கருவாட்டை இணையக் கடைக்குக் கொண்டுபோவது

புதுப் பொருளை இணையக் கடைகளிடம் எடுத்துச் சொல்வது பற்றிப் பொதுவாகப் பேசினால் கையில் எதுவும் நிற்காது. அதனால் இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே பொருள், ஒரே ஊர். ஊர், புதுச்சேரி குருசுக்குப்பம். பொருள், நெத்திலிக் கருவாடு. ஊறுகாய், சோப்பு, மரப்பொம்மை என்று வேறெது செய்பவரும் இதைத் தன் பொருளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். கடைக்காரர் கேட்கும் கேள்விகள் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

கருவாட்டில் புதிதாக என்ன இருக்கிறது? சென்னையிலும் பெங்களூரிலும் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். கருவாட்டு ஆசை போகவில்லை. சாப்பிடும்போது பல்லில் நெறுநெறுக்கும் மண்ணும், உட்கார்ந்து தலை கிள்ளும் வேலையும், பிரித்த பொட்டலம் பிரிட்ஜ் முழுக்கப் பரப்பும் வாசமும்தான் அவர்களை வாங்கவிடாமல் செய்கின்றன. நான்கைந்து பெண்கள் சேர்ந்து, தலையும் குடலும் நீக்கிய நெத்திலியைத் தரையில் படாமல் காயவைத்து, 50 கிராம் பாக்கெட்டுகளாகக் கட்டி, எட்டு பாக்கெட்டை ஒரு பெட்டியில் போட்டால் அது புதுப் பொருள். ஒரு வேளைக்கு ஒரு பாக்கெட். பிரித்து, அலசி, வறுக்கலாம். மிச்சமும் இல்லை, வாசமும் இல்லை. உங்கள் யோசனையை இந்த அளவுக்குச் சுருக்கிச் சொல்ல முடிகிறவரை எந்தக் கடைக்கும் எழுத வேண்டாம்.

யாரிடம் பேசுகிறோம்

"அமேசான்ல கொடுக்கணும்" என்று பலரும் சொல்கிறார்கள். அமேசானிடம் கொடுக்க முடியாது. அமேசானில் நாம்தான் விற்க வேண்டும். அந்நிய முதலீடு உள்ள இணையச் சந்தைகள் சரக்கைத் தாங்களே சொந்தமாக வைத்து விற்கக் கூடாது என்பது இந்தியாவின் பொதுவான விதி. 2018 டிசம்பரில் வந்து 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பு அதை இன்னும் இறுக்கியது. ஆகவே அமேசான், பிளிப்கார்ட், மீஷோ ஆகியவற்றில் நம் பொருளைக் கேட்டுவாங்கும் அதிகாரி என்று ஒருவர் இல்லை. பதிவு செய்து, படம் ஏற்றி, விலை போட்டு, பொட்டலம் கட்டி, திரும்பி வருவதையும் நாமே ஏற்க வேண்டும். அங்கே நாம் பேசுவது வாங்குபவரிடம். பேசும் கருவி படமும் விவரமும். பிளிப்கார்ட்டின் 'சமர்த்' (2019), அமேசானின் 'சஹேலி' போன்ற திட்டங்கள் கைவினைஞர்களுக்கும் பெண்கள் குழுக்களுக்கும் பதிவிலும் பயிற்சியிலும் கைகொடுக்கின்றன. அவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் விற்பனை நம் தலையில்தான்.

உண்மையிலேயே எடுத்துச் சொல்லி இணங்கவைக்க வேண்டியது வேறு வகைக் கடைகளிடம். 2021 முதல் டாடா குழுமத்தின் கையில் இருக்கும் பிக்பாஸ்கெட் போன்ற மளிகைத் தளங்கள், மீனும் இறைச்சியும் மட்டும் விற்கும் தளங்கள், ஊர்ப்பொருள்களைத் தேர்ந்தெடுத்து விற்கும் சின்னத் தளங்கள். இவற்றில் 'கேட்டகரி மேனேஜர்' என்று ஒருவர் இருப்பார். எந்தப் பொருள் உள்ளே வரலாம் என்று முடிவெடுப்பவர் அவர். நேரடியாக வாங்குவார், அல்லது தன்னிடம் ஏற்கெனவே பதிவு செய்த மொத்த வியாபாரியிடம் அனுப்புவார். இந்த அத்தியாயம் அவரை இணங்கவைப்பது பற்றியது.

என் யோசனை: முதலில் சின்னத் தளம், அல்லது மீன் மட்டும் விற்கும் தளம். அங்கே வருபவர் கருவாட்டைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார். கேரளத்தில் மீன் ஏற்றுமதித் தொழிலில் இருந்த மேத்யூ ஜோசப், 2012இல் 'சீடூஹோம்' என்ற பெயரில் இணையத்தில் மீன் விற்கத் தொடங்கினார். அவரிடம் மீன் வாங்கிய வாடிக்கையாளர் ஷான் கடவில். இவர்கள் சேர்ந்ததில்தான் 2015இல் 'ஃப்ரெஷ்டூஹோம்' உருவானது. ருசி கண்ட வாடிக்கையாளரே தொழிலுக்குள் வந்து பங்காளியானார். அதனால் பெரிய கடையின் கதவைத் தட்டுவதற்கு முன் வாட்ஸாப்பில் ஆர்டர் எடுத்து, இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்டு வாங்கும் ஐம்பது வீடுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "மறுபடி வாங்குகிறார்கள்" என்ற வாக்கியத்துக்குக் கேட்டகரி மேனேஜரிடம் இருக்கும் மதிப்பு வேறு எதற்கும் இல்லை.

கோட்டக்குப்பம் வெளிமாநிலம்

புதுச்சேரிக்காரர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தில் பொருள் விற்பவருக்கான பதிவு வரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம். புதுச்சேரியில் 20 லட்சம். அதுவும் நேரடி விற்பனைக்குத்தான். இணையச் சந்தை வழியாக விற்றால் ஒரு ரூபாய் விற்பனைக்கும் பதிவு வேண்டும் என்பதே பல ஆண்டுகள் விதியாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் சிறு வியாபாரிகளுக்கு ஒரு விலக்கு வந்தது: வரம்புக்குக் கீழே இருந்து, சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்றால், பதிவில்லாமல் ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கி இணையச் சந்தையில் விற்கலாம்.

சொந்த மாநிலம் என்றால் நமக்கு எது? குருசுக்குப்பத்திலிருந்து வடக்கே வைத்திக்குப்பம், சோலை நகர் தாண்டினால் கோட்டக்குப்பம். அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. நடந்துபோகும் தூரத்தில் அங்கே இருக்கும் ஒரு வீட்டுக்குப் பெட்டி அனுப்பினால் அது வெளிமாநில விற்பனை. ஆந்திரக் கரையில் இருந்தாலும் புதுச்சேரியின் பகுதியான ஏனாமுக்கு அனுப்பினால் உள்மாநில விற்பனை. நம் வாடிக்கையாளர் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும்போது, அந்த விலக்கு நமக்குப் பயன்படாது. எனவே முதல் பெட்டி போகும் முன்பே ஜிஎஸ்டி பதிவு. எண் 34 என்று தொடங்கும். சந்தைத் தளங்கள் நம் விற்பனையில் 0.5 சதவீதத்தை ஜிஎஸ்டி கணக்கிலும் 0.1 சதவீதத்தை வருமான வரிக் கணக்கிலும் பிடித்துவைக்கும். அது நம் பணம்தான், கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வரவாகும். தாக்கல் செய்யாவிட்டால் போனதுதான். மாதம் ஒரு தொகை கொடுத்துக் கணக்கர் ஒருவரை வைத்துக்கொள்வது வீண்செலவு அல்ல.

உணவுப் பொருளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், 14 இலக்கம், கட்டாயம். பதிவு போதுமா, உரிமம் வேண்டுமா என்பது விற்பனை அளவையும் தொழிலின் வகையையும் பொறுத்தது. புதுச்சேரி உணவுப் பாதுகாப்புத் துறையில் கேட்கும்போது "இணையத்தில் விற்கிறோம், வெளிமாநிலத்துக்கும் அனுப்புகிறோம்" என்ற இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். சொல்லாமல் வாங்கிய எண் பிறகு தொல்லை தரும். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், இணையத்திலேயே முடிந்துவிடும். காசு கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். வணிகப் பெயருக்கான டிரேட்மார்க்குக்கும் உடனே விண்ணப்பித்துவிடுங்கள். சிறு நிறுவனத்துக்கு இணையவழிக் கட்டணம் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். நமக்கான பதிவகம் சென்னையில் இருக்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் வணிகப் பெயராகப் பதிவது கடினம். 'குருசுக்குப்பம்' என்பது லேபிளில் பிறந்த ஊராக இருக்கட்டும்; பெயராக வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள்.

எங்கே காயவைக்கிறீர்கள்?

கடைக்காரர் கேட்கும் கேள்விகளில் நம் ஊருக்கு மிகக் கடினமானது இதுதான். முன்பெல்லாம் கருவாடு காய மணல் இருந்தது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் வந்தபின், தெற்கிலிருந்து கரையோடு நகர்ந்துவரும் மணல் அங்கேயே தேங்கியது. வடக்கே இருந்த கரை அரித்துப்போனது. குருசுக்குப்பத்திலும் வைத்திக்குப்பத்திலும் இன்று கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே இருப்பது கொட்டிய கருங்கல். மொட்டை மாடியிலும் சாலை ஓரத்திலும் விரிக்கிறோம். அதைப் படம் எடுத்து அனுப்பினால் எந்தக் கடையும் வாங்காது. அவர்கள் மறுப்பது நியாயமும்கூட; ஈயும் தூசியும் காக்கையும் படும் இடம் அது.

சூரிய உலர்த்தி இதற்கு வழி. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், வெயில் இல்லாதபோது மின்சாரத்திலோ எரிவாயுவிலோ ஓடும் உலர்த்திகளை வடிவமைத்திருக்கிறது. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் மானிய உதவி உண்டு. எந்த அளவு உலர்த்திக்கு இப்போது ஒதுக்கீடு இருக்கிறது என்று மீன்வளத் துறையில் கேளுங்கள். மூடிய கூண்டுக்குள் தட்டில் பரப்பிய நெத்திலியின் ஒரு படம், பத்துப் பக்கக் கடிதத்தைவிட மேல்.

அடுத்த கேள்வி, தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. இணையக் கடையில் "இருப்பு இல்லை" என்று ஒரு பொருள் நீண்ட நாள் கிடந்தால், தேடலில் அது அடிக்குப் போய்விடும். மேனேஜர் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார். மாதம் 300 பெட்டி என்று வாக்குக் கொடுத்தால் அது 120 கிலோ கருவாடு. தடைக்காலம் தாண்ட 240 கிலோ கையிருப்பு வேண்டும். நாலு கிலோ பச்சை நெத்திலிக்கு ஒரு கிலோ கருவாடு என்று வைத்தால், மார்ச் முடிவதற்குள் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏறத்தாழ ஒரு டன் மீன் கூடுதலாக ஏலம் எடுத்திருக்க வேண்டும். அதற்குப் பணம் இருக்கிறதா? இல்லையென்றால் 300 என்று சொல்லாதீர்கள். 100 என்று சொல்லுங்கள். குறைவாகச் சொல்லி நிறைவேற்றும் சிறு தயாரிப்பாளரைக் கடைகள் விடுவதில்லை.

வீட்டில் ஒருவரைக் கடைக்காரராக உட்காரவைத்து ஒத்திகை பாருங்கள்.

"மழைக்காலத்துல சரக்கு வருமாக்கா?"

"வரும் தம்பி. உலர்த்தி கரன்ட்லயும் ஓடும்."

"மே மாசம்?"

"மே மாசத்துக்கு மார்ச்லயே எடுத்து வெச்சிருவோம். பேட்ச் நம்பர் போட்டிருக்கும், பார்த்துக்கலாம்."

இப்படிப் பட்டென்று பதில் வரும்வரை போன் போட வேண்டாம்.

கணக்கு

கீழே இருப்பது மாதிரிக் கணக்கு. உங்கள் எண்களைப் போட்டுத் திரும்பப் பாருங்கள். பச்சை நெத்திலி கிலோ 150 ரூபாய், கிள்ளும் கூலி, பாக்கெட், பெட்டி எல்லாம் சேர்த்து நான்கு பாக்கெட் போட்ட 200 கிராம் பெட்டிக்கு அடக்கம் 160 என்றும், 400 கிராம் பெட்டிக்கு 320 என்றும் வைத்துக்கொள்வோம். பாக்கெட் செய்து லேபிள் ஒட்டிய கருவாட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி.

சின்னப் பெட்டிக்கு எம்ஆர்பி 300. வரி போக 286. சந்தைத் தளத்தில் கமிஷன் 10 சதவீதம் என்றால் 30, நிலைக்கட்டணம் 20, கூரியர் 75, மொத்தம் 125. கையில் வருவது 161. அடக்கம் 160 போக லாபம் ஒரு ரூபாய். பெரிய பெட்டிக்கு எம்ஆர்பி 580. வரி போக 552. கமிஷன் 58, நிலைக்கட்டணம் 20, கூரியர் 95 போனால் 379, லாபம் 59. கூரியர் செலவு எடையோடு இரட்டிப்பாவதில்லை என்பதால் இந்த வித்தியாசம். (கட்டணங்களுக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, பதிவு இருந்தால் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்.)

பத்துப் பெட்டியில் ஒன்று திரும்பி வந்தால்? ஒன்பது பெட்டியின் லாபம் 531. திரும்பி வந்த உணவுப் பொருளை மறுபடி விற்க முடியாது. அடக்கம் 320, போகவர கூரியர் 190, நட்டம் 510. மிஞ்சுவது 21 ரூபாய். 'வீட்டில் வந்து பணம் வாங்குதல்' முறையில் கதவைத் திறக்காமலே திருப்பியனுப்புகிறவர்கள் அதிகம். கருவாடு போன்ற பொருளுக்கு முன்பணம் மட்டும் என்று வைத்துத் தொடங்குவது நல்லது.

வாங்கி விற்கும் கடை வேறு கணக்கு கேட்கும். அவர்களுக்கு 35 சதவீதம் விட்டுக்கொடுத்தால் 552இல் நமக்கு 359. அடக்கம் போக 39, அதில் கிடங்கு வரை லாரி வாடகை. லாபம் குறைவு, ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் கூரியர் இல்லை. 40 சதவீதம் கேட்டால் 331. அங்கே நிறுத்துங்கள். அதற்குக் கீழே இறங்கி "முதலில் உள்ளே போய்விடலாம்" என்று நினைப்பவர்கள், ஆர்டர் கூடக்கூடக் கடனாளி ஆவார்கள்.

பாக்கெட்டும் லேபிளும்

காய்ந்த மீனின் முள்ளும் வாலும் வேக்குவம் இழுக்கும்போது மெல்லிய உறையைக் குத்தி ஓட்டை போடும். ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. மூன்று நாளில் கூரியர் வண்டிக்கே தெரியும். நைலான் அடுக்கு உள்ள தடித்த உறை வாங்குங்கள். கட்டிய பாக்கெட்டைத் தண்ணீருக்குள் அமுக்கினால் குமிழி வருகிறதா என்று பார்த்துவிடலாம். பத்துப் பாக்கெட்டைச் சட்டைகளோடு சேர்த்து ஒரு பெட்டியில் மூடி ஒரு வாரம் வையுங்கள். சட்டையில் வாசம் ஏறினால் உறை சரியில்லை.

பெட்டியின் அளவும் காசுதான். கூரியர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எண்ணையும் எடைபோட்ட எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவார்கள். 20, 15, 10 அளவுப் பெட்டி 600 கிராம் ஆகிவிடும். 20, 12, 8 என்று இறுக்கினால் 384. பொருளும் உறையும் சேர்த்து 480 கிராமுக்குள் நின்றால் அரைக்கிலோ கட்டணத்தில் முடியும்.

லேபிளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, எல்லா வரியும் சேர்த்த எம்ஆர்பி, கிராமுக்கு என்ன விலை, தயாரித்த மாதம், பேட்ச் எண், எதுவரை பயன்படுத்தலாம், புகார் எண் எல்லாம் வேண்டும். "மீன் உள்ளது" என்ற ஒவ்வாமைக் குறிப்பும், சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணமாக அசைவக் குறியும் வேண்டும். பழைய பழுப்பு வட்டத்தை இன்னும் அச்சடித்துத் தரும் அச்சகங்கள் இருக்கின்றன, கவனம். பார்கோடை ஜிஎஸ்1 இந்தியாவிடமே வாங்குங்கள். 890இல் தொடங்கும். மலிவாக மறுவிற்பனை செய்யப்படும் எண்களைப் பெரிய தளங்கள் ஏற்பதில்லை.

நெத்திலியில் ஹிஸ்டமின் சேர வாய்ப்பு உண்டு. மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஏறும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஈரப்பதம், உப்பு, ஹிஸ்டமின், நுண்ணுயிர் ஆகிய சோதனைகள் செய்து அறிக்கை வாங்குங்கள். இணையத்தில் விற்கும் உணவு வாடிக்கையாளர் கைக்குப் போகும்போது ஆயுளில் 30 சதவீதமோ 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் எஃப்எஸ்எஸ்ஏஐ தளங்களிடம் சொன்னது. ஆகவே மூன்று மாத ஆயுள் போட்டால், 45 நாள் கணக்குப்படி விற்பதற்குப் பாதிக் காலமே கிடைக்கும். ஆறு மாதம் தாங்குகிறது என்பதைச் சோதித்து நிரூபிக்க முடிந்தால் கடைக்காரர் மனம் இளகும்.

கடிதம்

நீளமாக எழுத வேண்டாம். போன் திரையில் ஒரே பார்வையில் முடிய வேண்டும். ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியிருந்தால், கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுத்து மாற்றுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

"வணக்கம். நாங்கள் புதுச்சேரி குருசுக்குப்பத்தைச் சேர்ந்த பெண்கள் குழு. தலை கிள்ளிய நெத்திலிக் கருவாட்டை 50 கிராம் பாக்கெட்டுகளாக, எட்டு பாக்கெட் ஒரு பெட்டியாகத் தருகிறோம். ஒரு வேளைக்கு ஒரு பாக்கெட். உங்கள் தளத்தில் இப்போது உள்ள கருவாட்டுக்கு வாடிக்கையாளர்கள் எழுதியவற்றைப் படித்தோம். மண், வாசம் என்ற இரண்டு குறைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நாங்கள் மூடிய உலர்த்தியில் தட்டில் காயவைக்கிறோம். பிரித்ததை மிச்சம் வைக்க வேண்டியதில்லை. எம்ஆர்பி 580, உங்களுக்கு வரி நீங்கலாக 359. மாதம் 100 பெட்டி தருவோம். தடைக்காலத்துக்கான இருப்பை மார்ச் மாதத்திலேயே எடுத்துவைப்போம். ஆய்வக அறிக்கை, எஃப்எஸ்எஸ்ஏஐ எண், ஜிஎஸ்டி எண், நான்கு படங்கள் இணைப்பில். சென்னையில் ஒரே கிடங்கில் ஒரு மாதம் விற்றுப் பார்க்கலாமா? சாம்பிளை எந்த முகவரிக்கு அனுப்பலாம்?"

இதில் பாட்டி காலத்துச் சுவை, பாரம்பரியம், கடலன்னை எதுவும் இல்லை. அவற்றுக்கு இடம் பெட்டியின் மேல். வாங்கும் அதிகாரிக்கு வேண்டியது தன் தளத்தில் இருக்கும் ஓட்டையும், அதை அடைக்க நம்மிடம் இருப்பதும். "வாடிக்கையாளர்கள் எழுதியவற்றைப் படித்தோம்" என்ற வரியை எழுதுவதற்கு முன் உண்மையாகவே உட்கார்ந்து படியுங்கள். ஒரு தளத்தில் முள், இன்னொன்றில் உப்பு என்று குறை வேறாக இருக்கலாம். கடிதமும் கடைக்குக் கடை மாற வேண்டும். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி இருபது பேருக்கு அனுப்பினால் இருபது பேருக்கும் தெரிந்துவிடும்.

பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள், புதிதாக ஒரு செய்தியோடு: ஆய்வக அறிக்கை வந்தது, இந்த மாதம் இத்தனை வீடுகள் மறுபடி வாங்கின, இப்படி ஏதாவது. வேண்டாம் என்று சொன்னால் "விலையா, பாக்கெட்டா, பொருளா?" என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பதில் அடுத்த கடைக்கான கடிதத்தைத் திருத்தும்.

சரி என்று சொன்னால், சந்தோஷத்தில் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். விற்காத சரக்கைத் திருப்பியனுப்பும் உரிமை, தள்ளுபடிக் காலத்தில் யார் விலையில் வெட்டு, கிடங்கில் சேதமானால் யார் பொறுப்பு ஆகிய மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள். காயவைத்த மீனுக்கு 'விற்காவிட்டால் திருப்பி' என்ற வரியை ஏற்கவே கூடாது. அதற்குப் பதிலாக முதல் ஆர்டரைச் சிறியதாக்கிக் கொடுங்கள். பணம் எத்தனை நாளில் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு தயாரிப்பாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள வருமான வரி விதிப்படி, கெடு தாண்டிய பாக்கியைக் கடைக்காரர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்டவும் முடியாது. பெரிய கடைகளின் கணக்குப் பிரிவு இதற்குத்தான் பயப்படும். இந்தப் பாதுகாப்பெல்லாம் உத்யம் பதிவு இருப்பவருக்கே. அந்த எண்ணைக் கடிதத்தின் அடியிலும் ஒவ்வொரு இன்வாய்ஸிலும் அச்சிட்டுவிடுங்கள். சரக்கு கிடங்கில் இறங்கிய தேதிக்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வையுங்கள்; 45 நாளை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும்.